"எல்லா மனிதரும் சமம்" எழுதப்பட்ட அறைக்குப் பக்கத்தில் ஒரு 14 வயதுப் பையன்

மலையடிவாரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வர்ஜீனியாவுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. போன வாரம்தான் சார்லட்ஸ்வில் பக்கத்தில் இருக்கும் மாண்டிசெல்லோவுக்கு மகனைக் கூட்டிப்போனேன். அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் தானே வரைபடம் போட்டுக் கட்டிய வீடு. குன்றின் உச்சியில் அழகாக இருக்கிறது. வீட்டைப் பார்த்துவிட்டு, அதை ஒட்டிய மல்பெரி வரிசை என்ற பாதையில் நடந்தோம். கொல்லுப்பட்டறை, தச்சுப்பட்டறை, அடிமைகள் குடியிருந்த குடில்கள் எல்லாம் ஒரு காலத்தில் அந்தப் பாதையில்தான் இருந்தன. 1794-இலிருந்து அங்கே ஓர் ஆணிப் பட்டறையும் நடந்திருக்கிறது. 10 வயது முதல் 16 வயது வரையிலான அடிமைப் பையன்கள் நாள் முழுக்க இரும்புக் கம்பியை வெட்டி ஆணி அடித்திருக்கிறார்கள். யார் எவ்வளவு கம்பியை வீணாக்கினான் என்று ஜெஃபர்சன் கணக்கு வைத்திருந்தார்.

என் மகனுக்கு வயது 12. "அப்பா, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவர் இவர்தானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன். 1776-இல் ஜெஃபர்சன் பிலடெல்பியாவில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, பிரிட்டனிடமிருந்து பிரிவதாக அமெரிக்கா அறிவித்த சுதந்திரப் பிரகடனத்தை எழுதியபோது, அவருக்குப் பணிவிடை செய்ய ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயது அடிமைப் பையன் உடன் இருந்தான். அந்தப் பையன் ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்குத் தம்பி முறை. இருவருக்கும் தகப்பன் ஒருவரே, ஜான் வெய்ல்ஸ் என்ற தோட்ட முதலாளி. தாய் வேறு, அவள் அடிமை. அதனால் அக்காள் எஜமானி, தம்பி அவள் வீட்டுச் சொத்து. ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தார். அவர்களில் உயிரோடு இருக்கும்போது விடுவித்தது 2 பேரை, உயில் மூலம் விடுவித்தது 5 பேரை.

என் அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது, இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாது" என்றார். அவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பதிலை மகனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே வரலாறு படித்தவர்கள் இருக்கிறீர்கள். என்ன சொல்வீர்கள்?

---

பழைய ஏடு

நல்ல இழை, நண்பரே. உங்கள் நண்பர் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. அந்தப் பக்கத்தையும் யாராவது எடுத்து வைக்கவேண்டுமே என்பதற்காக எழுதுகிறேன்.

ஜெஃபர்சன் முதலில் எழுதிய வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு பத்தியே இருந்தது. மனித இயல்பின் மீதே தொடுக்கப்பட்ட கொடிய போர் என்று அதைச் சொல்லி, பழியை பிரிட்டிஷ் மன்னன் மூன்றாம் ஜார்ஜ் மேல் போட்டிருந்தார். பிரகடனத்தை ஏற்கக் கூடிய பிரதிநிதிகள் அவையான காங்கிரஸ் அந்தப் பத்தியை அப்படியே அடித்துவிட்டது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒப்பவில்லை என்று பின்னால் குறித்து வைத்திருக்கிறார். வடக்கே இருந்தவர்களுக்கும் உள்ளூரக் கூச்சம் இருந்தது, ஏனென்றால் அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களில் பல அவர்களுடையவை என்பதையும் அதே குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அப்புறம், 1784-இல் மேற்கே புதிதாக உருவாகும் மாநிலங்களில் 1800-க்குப் பிறகு அடிமை முறை கூடாது என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தார். அது ஒரே ஓட்டில் தோற்றது. நியூ ஜெர்சி உறுப்பினர் ஒருவர் உடல்நலமின்றி வராமல் போனதுதான் காரணம். இன்னும் பிறக்காத லட்சக்கணக்கானவர்களின் விதி ஒரு மனிதனின் நாக்கில் தொங்கியது, அந்த நேரத்தில் வானம் மௌனமாக இருந்துவிட்டது என்று வருந்தி எழுதினார். 1807-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே.

எனவே அவர் கண்மூடி இருந்தார் என்று சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்தே அந்த அமைப்புக்குள் சிக்கியிருந்தார். 1820-இல் எழுதிய கடிதத்தில், ஓநாயின் காதைப் பிடித்திருக்கிறோம், பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்றார். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போமே, அதேதான். எல்லா மனிதரும் சமம் என்ற அந்த ஒரு வாக்கியத்தை அவர் எழுதாமல் போயிருந்தால் பின்னால் அடிமை முறையை எதிர்த்தவர்கள் கையில் என்ன இருந்திருக்கும்? இதையும் யோசிக்கவேண்டும்.

---

கீழ்வானம்

பழைய ஏடு ஐயா, தரவுகள் எல்லாம் சரி. ஆனால் "அந்தக் காலத்து மனிதர்கள்" என்று நாம் சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் எப்போதும் வகுப்பைத் தொடங்குவேன். (பள்ளியில் வரலாறு எடுக்கிறேன், இருபது வருடமாக.) ராபர்ட் ஹெமிங்ஸும் அந்தக் காலத்து மனிதன்தான். ஆணிப் பட்டறைப் பையன்களும் அந்தக் காலத்துப் பையன்கள்தான். அடிமை முறை தவறு என்பது அவர்களுக்கு 1776-இலேயே தெரியும். அதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு இன்றைய கண் தேவைப்படவில்லை.

இது என் ஊகம் அல்ல. எழுத்தில் இருக்கிறது.

1773 ஏப்ரலில் பாஸ்டனில் நான்கு அடிமைகள் கையெழுத்திட்டு மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் அச்சிட்டு அனுப்பினார்கள். "தங்களை அடிமைப்படுத்தப் பார்த்த சகமனிதர்களை எதிர்த்து இவ்வளவு மேன்மையாக நின்றவர்களிடமிருந்து பெரிய காரியங்களை எதிர்பார்க்கிறோம்" என்று அதில் எழுதினார்கள். அப்போது குடியேற்ற நாடுகளில் எங்கு பார்த்தாலும் பிரிட்டன் போட்ட வரியைப் பற்றித்தான் பேச்சு. நம் சம்மதம் இல்லாமல் வரி போடுகிறார்கள், அப்படியானால் நாம் அடிமைகள் என்று ஜான் டிக்கின்சன் என்ற வழக்கறிஞர் எழுதியது வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டது. வரிக்கே அடிமைத்தனம் என்று பெயர் வைத்த ஊரில், உண்மையான அடிமைகள் எழுந்து நின்று அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதிய டிக்கின்சனிடமும் அடிமைகள் இருந்தார்கள். அவராவது பின்னால் அவர்களை விடுவித்தார்.

1777 ஜனவரியில் பாஸ்டனில் வாழ்ந்த பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத் தலைவரும் வேறு சிலரும் இன்னொரு மனு கொடுத்தார்கள். பிரகடனம் வந்து ஆறே மாதம். பறிக்கமுடியாத உரிமை என்ற அதே சொல்லை எடுத்துத் தங்களுக்கும் அது உண்டு என்றார்கள். பிரிட்டனோடு நடக்கும் சண்டையில் அமெரிக்கா எந்தக் கொள்கையைச் சொல்கிறதோ, அந்தக் கொள்கை ஒவ்வொன்றும் எங்கள் சார்பில் ஆயிரம் வாதங்களைவிட வலுவாகப் பேசுகிறது என்றார்கள்.

பழைய ஏடு ஐயா, ஜெஃபர்சன் எழுதாவிட்டால் பின்னால் வந்தவர்கள் கையில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டீர்கள். 1773 மனு பிரகடனத்துக்கு மூன்று வருடம் முந்தையது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

---

வாய்க்கால்மேடு

கீழ்வானம் அக்கா, கண்ணைத் திறந்துவிட்டீர்கள். இந்த மனுக்களுக்குப் பதில் ஏதாவது கிடைத்ததா? இல்லை, கிடப்பில் போட்டுவிட்டார்களா?

---

கீழ்வானம்

மனுக்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சட்டம் வரவில்லை. கதவு திறந்தது நீதிமன்றம் வழியாக. அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன் வாய்க்கால்மேடு தம்பி, ஏனென்றால் அந்தப் பெண்ணைப் போல என் மனதில் நிற்பவர் இந்த வரலாற்றிலேயே வேறு யாரும் இல்லை.

மாசசூசெட்ஸின் மேற்குக் கோடியில் ஷெஃபீல்டு என்று ஒரு சிற்றூர். அங்கே கர்னல் ஜான் ஆஷ்லி பெரும் பணக்காரர். 1773 ஜனவரியில் ஊர்ப் பெரியவர்கள் அவர் வீட்டில் கூடி பிரிட்டனுக்கு எதிராக ஒரு தீர்மானம் எழுதினார்கள். இயல்பு நிலையில் மனிதர்கள் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், ஒருவருக்கொருவர் கட்டுப்படாதவர்கள் என்பது அதன் முதல் வாசகம். ஜெஃபர்சனுக்கு மூன்று வருடம் முன்னால்! அதே வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் வேலை செய்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. காது இருந்தது.

ஆஷ்லியின் மனைவி கடுமையானவள். ஒரு நாள் அடுப்பில் சிவக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியை இன்னொரு பெண்மேல் ஓங்கினாள். பெட் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள். கை எலும்புவரை வெந்தது. ஆறிய பிறகும் அந்தக் கையை அவள் மூடவில்லை. எஜமானி பக்கத்தில் இருக்கும்போது யாராவது "கையில் என்ன?" என்று கேட்டால், "அம்மாவைக் கேளுங்கள்" என்பாளாம்.

1780-இல் மாசசூசெட்ஸ் தனக்கென ஓர் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்பது அதன் முதல் பிரிவு. அதைக் கேட்ட பெட், தியடோர் செட்விக் என்ற வழக்கறிஞரிடம் நேரே போனாள். நான் ஊமைப் பிராணி இல்லையே, எனக்குச் சட்டம் விடுதலை தராதா என்று கேட்டாள். அந்த செட்விக் யார் தெரியுமா? 1773-இல் ஆஷ்லி வீட்டில் தீர்மானம் எழுதிய குழுவில் எழுத்தராக இருந்தவர். தான் எழுதியதைத் தானே நீதிமன்றத்தில் வாதாடவேண்டிய நிலை அவருக்கு.

1781 ஆகஸ்டில் கிரேட் பேரிங்டனில் வழக்கு நடந்தது. பெட்டும், பிராம் என்ற இன்னோர் அடிமையும் வாதிகள். ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆஷ்லி 30 ஷில்லிங் நஷ்டஈடு கட்டவேண்டும். கூலிக்கு வேலை செய்யத் திரும்பி வா என்று ஆஷ்லி கூப்பிட்டார், அவள் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமேன் என்று பெயர் வைத்துக்கொண்டாள். ஃப்ரீமேன் என்றால் அடிமை அல்லாதவர். அதே காலத்தில் குவாக் வாக்கர் என்ற அடிமையின் வழக்கும் நடந்து, 1783-இல் அதே முடிவுக்கு வந்தது. 1790-இல் நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது மாசசூசெட்ஸ் கணக்கில் அடிமை என்று ஒருவரும் இல்லை.

"ஒரே ஒரு நிமிடம் விடுதலை தருகிறோம், அந்த நிமிடம் முடிந்ததும் சாகவேண்டும் என்று சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன்" என்று அவள் சொன்னதை செட்விக்கின் மகள் பின்னாளில் எழுதிவைத்தார்.

மலையடிவாரம், உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். வாக்கியத்தை எழுதியவர்கள் அது யாருக்குப் பொருந்தும் என்று வேலி போட்டார்கள். சமையலறையில் நின்று கேட்டவள் அந்த வாக்கியத்தை முழுசாகப் புரிந்துகொண்டாள்.

---

நடுக்கூடம்

ஒரு சந்தேகம். அமெரிக்க அரசியல் சட்டம் கறுப்பின மனிதனை ஐந்தில் மூன்று பங்கு மனிதன் என்று சொன்னதாகப் படித்திருக்கிறேன். இவ்வளவு வெளிப்படையாகவா எழுதினார்கள்?

---

வழக்கேடு

நடுக்கூடம், இதைப் பலரும் சற்று மாற்றித்தான் புரிந்துகொள்கிறார்கள். நான் சட்டம் படித்தவன் என்பதால் இதை மட்டும் எழுதுகிறேன்.

1787-இல் பிலடெல்பியாவில் எழுதிய அந்தச் சட்டத்தில் அடிமை என்ற சொல்லே கிடையாது. எங்கு தேடினாலும் கிடைக்காது. "மற்ற எல்லா நபர்களும்", "வேலைக்கோ சேவைக்கோ கட்டுப்பட்ட நபர்" என்றுதான் வரும். கூடியிருந்த 55 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். மனிதர்கள் சொத்தாக இருக்கமுடியும் என்ற கருத்தைச் சட்டத்துக்குள் அனுமதிப்பது தவறு என்று, அந்தச் சட்டத்தை வடிவமைத்ததில் முக்கியப் பங்கு வகித்த ஜேம்ஸ் மேடிசன் அந்த மாநாட்டில் பேசியிருக்கிறார். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள். சொல்லைத் தவிர்த்தார்கள், பொருளை வைத்துக்கொண்டார்கள். சொல்லைத் தவிர்க்கவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுகிறது என்றாலே, அதைப் பற்றி அவர் மனதுக்குள் கூச்சம் இருக்கிறது என்றுதான் பொருள். காலத்தின் அறியாமை என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை இங்கேயே உடைகிறது.

ஐந்தில் மூன்று என்பது மக்கள்தொகைக் கணக்குக்காக. ஒரு மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தின் கீழவையில் எத்தனை இடம் என்பது அதன் மக்கள்தொகையைப் பொறுத்தது. அடிமைகளை முழு எண்ணாகச் சேர்க்கவேண்டும் என்று கேட்டவர்கள் தெற்கத்தி முதலாளிகள். சேர்க்கவே கூடாது என்றவர்கள் வடக்கத்தியர். ஏனென்றால் அடிமைக்கு ஓட்டு இல்லை. அவன் தலையை எண்ணி எஜமானுக்கு அதிகாரம் கூடும். 5 அடிமைகளுக்கு 3 பேர் என்று பேரம் படிந்தது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் எண்ணிக்கையும் இதை வைத்துத்தான். 1800 தேர்தலில் ஜெஃபர்சனுக்கு 73 தேர்வாளர் ஓட்டு, அவரை எதிர்த்த ஜான் ஆடம்ஸுக்கு 65. அடிமைகளின் கணக்கால் தெற்குக்குக் கிடைத்த கூடுதல் இடங்கள் இல்லையென்றால் ஆடம்ஸ் வென்றிருப்பார் என்பது பல வரலாற்றாசிரியர்களின் முடிவு. அதாவது, ஓட்டுப் போட முடியாத மனிதர்களின் தலைகளை எண்ணித்தான் அவர்களின் எஜமான் நாட்டின் தலைவரானார்.

இன்னும் இரண்டு பிரிவுகள். 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக்கூடாது என்பது ஒன்று. தப்பி ஓடியவனை எந்த மாநிலத்தில் பிடித்தாலும் உரியவனிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் மிக மோசம். அதுவரை மாநில எல்லையைத் தாண்டினால் ஒரு வாய்ப்பாவது இருந்தது. அதற்கும் பூட்டு விழுந்தது.

---

தூரப்பயணி

வழக்கேடு சொன்ன அந்தப் பூட்டைப் பற்றி நானும் எழுதுகிறேன். நான் பிலடெல்பியாவில் இருக்கிறேன். சுதந்திர மணியைப் பார்க்க வரும் உறவினர்களை அழைத்துப்போவது என் வேலையாகிவிட்டது. நாடெங்கும் விடுதலையைப் பிரகடனம் செய் என்ற பைபிள் வாசகம் அந்த மணியில் பொறித்திருக்கிறது. மணி இருக்கும் கட்டடத்தின் வாசலை ஒட்டித்தான் ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவராக வாழ்ந்த வீடு இருந்தது. அந்த வீட்டில் 9 அடிமைகளை வைத்திருந்தார்.

பென்சில்வேனியாவில் 1780-லேயே படிப்படியாக அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. வெளியூர் எஜமான் ஒருவர் தன் அடிமையை ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் அந்த அடிமைக்கு விடுதலை கேட்கும் உரிமை உண்டு. வாஷிங்டன் என்ன செய்தார்? ஆறு மாதம் முடியும் முன் அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பி, மறுபடி வரவழைத்தார். அவர்களுக்கும் ஊருக்கும் தெரியாதபடி ஏதாவது சாக்குச் சொல்லி இதைச் செய்யவேண்டும் என்று 1791-இல் தன் செயலாளருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் இன்றும் இருக்கிறது. தப்பி ஓடியவர்களைப் பிடிக்கும் 1793 சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான்.

அந்த 9 பேரில் ஒருவர் ஓனா ஜட்ஜ். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்கு அணுக்கப் பணிப்பெண். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதம் குடும்பம் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது வெளியே நடந்துவிட்டார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷையரில் உள்ள போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தார். தேடி ஆள் அனுப்பினார்கள். இரண்டு முறையும் பிடிபடவில்லை. பிடியிலிருந்து விலகியிருந்தாலும் சட்டப்படி சாகும்வரை அவர் அடிமைதான், அவருக்குப் பிறந்த பிள்ளைகளும் அடிமைகள்தான். 1840-களில் ஒரு செய்தியாளர் போய்ப் பார்த்தபோது கணவனும் பிள்ளைகளும் இறந்து வறுமையில் இருந்தார். வாஷிங்டன் வீட்டைவிட இங்கே அதிகம் பாடுபட்டிருக்கிறீர்களே, விட்டுவந்ததற்கு வருத்தம் உண்டா என்று கேட்டார்கள். "இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன்" என்றார்.

வாஷிங்டன் தன் உயிலில் தனக்கு நேரடியாகச் சொந்தமான 123 பேரை விடுவித்தார். மார்த்தா 1801-இன் முதல் நாளில் அதை நிறைவேற்றினார். அது பெரிய காரியம், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்தாக வந்தவர்களுக்கு அந்த உயில் பொருந்தவில்லை. கணவன் விடுதலையானான், மனைவி அடிமையாகவே இருந்தாள் என்ற நிலை பல குடும்பங்களுக்கு.

---

பழைய ஏடு

எல்லாரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 1773 மனு எனக்குப் புதிது, நன்றி கீழ்வானம். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தவறு என்று தெரிவது ஒன்று, செய்யமுடிவது வேறொன்று. ஜெஃபர்சன் கடனில் மூழ்கியிருந்தார். கடன்காரனிடம் அடகு இருக்கும் சொத்தை ஒருவன் எப்படி விடுவிப்பான்? வர்ஜீனியாவில் 1806-இல் வந்த சட்டப்படி, விடுதலையானவர் ஒரு வருடத்துக்குள் மாநிலத்தை விட்டே போகவேண்டும். இந்த நிலையில், தெற்கே ஒரு பெரிய முதலாளி தன் அடிமைகள் அனைவரையும் விடுவிப்பது நடைமுறையில் முடிந்திருக்குமா?

---

கீழ்வானம்

முடிந்தது ஐயா. செய்தார்கள். அதுவும் வர்ஜீனியாவிலேயே.

ராபர்ட் கார்ட்டர் என்பவர் நோமினி ஹால் என்ற பண்ணையின் சொந்தக்காரர். ஜெஃபர்சனைவிடப் பணக்காரர். 1791 செப்டம்பரில் நீதிமன்றத்தில் ஒரு பத்திரம் பதிவு செய்தார். தன்னிடமுள்ள 450-க்கும் மேற்பட்ட அடிமைகளை வருடத்துக்கு இத்தனை பேர் என்று வரிசைப்படி விடுவிக்கும் பத்திரம். அக்கம்பக்கத்து முதலாளிகள் கொதித்தார்கள், சொந்தக் குடும்பத்தில் எதிர்ப்பு வந்தது. அவர் பின்வாங்கவில்லை. அவர் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்கக் குழந்தைகளுக்கே தெரியாது. "முடியாது" என்ற கதையைக் காப்பாற்ற, முடித்துக் காட்டியவரை மறக்கவேண்டியிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொருவர் எட்வர்டு கோல்ஸ். ஜெஃபர்சனின் பக்கத்து ஊர் இளைஞர். 1814-இல், அடிமை ஒழிப்புக்கு நீங்கள் தலைமை தாருங்கள் என்று ஜெஃபர்சனுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதினார். எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்கள் செய்யவேண்டிய வேலை என்று ஜெஃபர்சன் பதில் எழுதினார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. உன் அடிமைகளை விடுவிக்காமல் வைத்துக் காப்பாற்று என்று அந்த இளைஞருக்கே புத்தி சொன்னார். கோல்ஸ் கேட்கவில்லை. 1819-இல் அவர்களை ஒஹையோ ஆற்றில் படகில் ஏற்றி, நடு ஆற்றில் வைத்து, இனி நீங்கள் சுதந்திரமானவர்கள் என்றார். இல்லினாய் மாநிலத்தில் குடும்பம் ஒன்றுக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தார். பிறகு அந்த மாநிலத்தின் ஆளுநராகி, 1824-இல் அங்கே அடிமை முறையைச் சட்டமாக்க நடந்த முயற்சியைத் தோற்கடித்தார்.

ஒருவர் மனம் திறந்தே சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "விடுதலை கொடு, இல்லையேல் சாவு கொடு" என்ற முழக்கத்தால் பெயர்பெற்ற பேட்ரிக் ஹென்றி, 1773-இல் ஒரு நண்பருக்கு எழுதினார்: அடிமைகள் இல்லாமல் வாழ்வது அசௌகரியமாக இருப்பதால் இழுத்துச் செல்லப்படுகிறேன், இதை நியாயப்படுத்த மாட்டேன், நியாயப்படுத்தவும் முடியாது. அசௌகரியம் என்பது அவர் சொல். புலிவால் என்பதைவிட இது நேர்மையான விளக்கமாக எனக்குப் படுகிறது.

---

கடற்கரைச்சாலை

பிரிட்டிஷ்காரர்கள் பற்றி யாரும் எழுதவில்லையே. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் பிரபு, கலகக்காரர்களின் அடிமைகள் எங்கள் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். நூற்றுக்கணக்கானோர் ஓடிவந்து சேர்ந்தார்கள். அப்படிப் பார்த்தால் விடுதலை மன்னன் பக்கம் இருந்தது என்று சொல்லலாமா?

---

வாய்க்கால்மேடு

நான் நேற்று முழுக்க இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லமுடியாது என்று நினைக்கிறேன். டன்மோரே அடிமைகளை வைத்திருந்தவர். அவர் அழைத்தது எதிரிகளின் அடிமைகளை மட்டும், தன் பக்கத்து முதலாளிகளின் அடிமைகளை அல்ல. அவர் முகாமில் பெரியம்மையில் செத்தவர்கள் ஏராளம். அந்த நாளில் அட்லாண்டிக் கடலில் பெரும் அடிமை வியாபாரி பிரிட்டன்தான். அந்த வியாபாரத்தில் நம் கரையும் சேர்ந்திருக்கிறது: சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்ட பருத்தித் துணிகள் ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. நெய்தவனுக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் படித்தபோது மனசு என்னவோ செய்தது. எங்கள் குடும்பம் நெசவுக் குடும்பம்.

வாஷிங்டனிடமிருந்து தப்பி டன்மோரிடம் போனவர்களில் ஒருவர் ஹாரி வாஷிங்டன். ஆம், எஜமானின் பெயரையே வைத்திருந்தார். போர் முடிந்து 1783-இல் பிரிட்டிஷ் படை நியூயார்க்கைக் காலி செய்தபோது, விடுதலையானவர்கள் சுமார் 3,000 பேரின் பெயர்களை ஒரு பேரேட்டில் எழுதி நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அதில் அவர் பெயர் இருக்கிறது. அங்கே கொடுத்த நிலம் பாறை. குளிர் வேறு. 1792-இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார். 1800-இல் அங்கே பிரிட்டிஷ் நிறுவனம் நிலத்துக்கு வரி கேட்டபோது எதிர்த்து எழுந்தவர்களில் அவரும் ஒருவர். பிடித்து நாடுகடத்தினார்கள். வரியை எதிர்த்துப் போராடிய ஜார்ஜ் வாஷிங்டன் நாட்டுக்குத் தந்தையானார். வரியை எதிர்த்த ஹாரி வாஷிங்டன் நாடுகடத்தப்பட்டார்.

---

பழைய ஏடு

கார்ட்டர் பற்றித் தேடிப் படித்தேன். என் "முடிந்திருக்குமா" என்ற கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். முடிந்திருக்கிறது. இழப்பும் தனிமையும் வந்திருக்கும், ஆனால் முடிந்திருக்கிறது.

பிரகடனத்தின் அந்த வாக்கியம் மட்டும் எனக்கு இன்னும் பெரிதுதான். 1791-இல் பெஞ்சமின் பேனக்கர் என்ற கறுப்பின வானியல் அறிஞர் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில் அதே வாக்கியத்தை அவருக்கே எடுத்து எழுதி, நீங்கள் சொன்னது இதுதானே, பிறகு ஏன் என் சகோதரர்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். 1852-இல், அடிமையாக இருந்து தப்பி வந்த பேச்சாளர் பிரடெரிக் டக்ளஸ், ஜூலை 4 அடிமைக்கு என்ன நாள் என்று ரோசெஸ்டரில் கேட்டபோதும் அந்த வாக்கியத்தைத் தூக்கி எறியவில்லை. அதைக் காப்பாற்றச் சொன்னார். எழுதியவரைவிட அவர்கள் அதை அதிகம் நம்பினார்கள் போலும்.

---

மலையடிவாரம்

எல்லாருக்கும் நன்றி. பல இரவுகள் தூங்காமல் படித்தேன்.

எலிசபெத் ஃப்ரீமேன் கதையை மகனிடம் சொன்னேன். அவன் கேட்டது: "அந்த 14 வயது ராபர்ட் என்ன ஆனான்?" அதைத் தேடினேன். ராபர்ட் ஹெமிங்ஸ் 1794-இல், வேறொருவர் முன்பணம் கொடுக்க, தன்னைத்தானே விலைக்கு வாங்கி விடுதலையானார். மனைவியும் பிள்ளையும் ரிச்மண்டில் இருந்தார்கள், அவர்களோடு போய்ச் சேர்ந்தார். ஜெஃபர்சனுக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த கேள்வி, "ஜெஃபர்சன் செத்த பிறகு மற்றவர்கள்?" அவர் இறந்தது 1826 ஜூலை 4, பிரகடனத்தின் 50-ஆம் ஆண்டு நாள். கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் ஏலம் போட்டார்கள். 130 பேரை விற்கப்போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. நாற்காலி, மாடு, குதிரை இவற்றோடு சேர்த்து.

ஜோசப் ஃபாசெட் என்ற கொல்லர் உயிலில் விடுதலை பெற்ற ஐவரில் ஒருவர். அவர் மனைவி ஈடித் ஜெஃபர்சனின் சமையல்காரி. அவருக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை இல்லை. தன் கண்முன்னால் அவர்கள் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டதை ஜோசப் பார்த்தார். அதன்பின் பட்டறை வைத்து உழைத்து, முடிந்தவர்களை ஒவ்வொருவராக விலைக்கு மீட்டார். மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது. வாங்கியவர் அவனைத் திருப்பி விற்க மறுத்துவிட்டார். பீட்டர் ஒளிந்து ஒளிந்து எழுதப் படிக்கக் கற்று, மற்றவர்கள் தப்பிக்கப் போலி அனுமதிச்சீட்டு எழுதிக்கொடுத்தான். தானும் ஓடினான், பிடிபட்டான். மறுபடி ஏலம் விட்டபோதுதான் உறவினரும் நண்பர்களும் சேர்ந்து அவனை மீட்டார்கள். சின்சினாட்டியில் பாதிரியாரானார். 1900-இல், 80 வயதைத் தாண்டிய பிறகு, மாண்டிசெல்லோவை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று திரும்பி வந்தார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறோம். போன முறை வீட்டுக்குள் ஒரு மணி நேரமும் மல்பெரி வரிசையில் பத்து நிமிடமும் இருந்தோம். இந்த முறை கொல்லுப்பட்டறை இருந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்கிறான் மகன்.